இறங்கிய தோள்

அன்பு மலர்விழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். மெஷினுக்கு எண்ணெய் விட்டு மூடிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்துக்கு என்னை அழைத்துப் போன அன்று, “ஒரே படத்தின் முன்னால் ஏம்மா இவ்வளவு நேரம் நிற்கிறாய்?” என்று கேட்டாய். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

பெரிய படம்கூட இல்லை அது. உயரம் 82 சென்டிமீட்டர், அகலம் 66. எல் கிரேக்கோ 1580 வாக்கில் வரைந்த, மார்பில் கை வைத்த பிரபு. ஸ்பெயினின் தொலேதோ நகரத்துத் தலைமை நோட்டரியாக இருந்த ஹுவான் தே சில்வா என்பவர்தான் அவர் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்களாம். யாராக இருந்தால் என்ன? சத்தியம் செய்வதுபோல் வலது கையை நெஞ்சில் வைத்து, நேராக நம்மையே பார்க்கிறார். நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருக்கின்றன, மற்ற விரல்கள் விலகியிருக்கின்றன.

முதலில் என் கண் கழுத்து லேஸுக்குத்தான் போனது. கிட்டே போய்ப் பார்த்தால் அங்கே மடிப்பே இல்லை. வெள்ளை வண்ணத்தை ஓவியர் விறுவிறுவென்று இழுத்துவிட்டிருக்கிறார். இரண்டடி பின்னால் வந்தால், கஞ்சி போட்டு விறைத்த லேஸ்! நாற்பது வருடம் ஊசி பிடித்த எனக்கே கை பரபரத்தது.

உடை முழுக்கக் கறுப்பு. இரண்டாம் பிலிப் அரசர் காலத்தில் ஸ்பெயின் பிரபுக்களுக்கு அதுதான் கௌரவம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும் பாடு எனக்குத் தெரியும், கண் பூத்துப்போகும். படத்தின் பின்னணியும் முன்பு இருண்டு கிடந்ததாம். 1996-இல் சுத்தம் செய்தபோதுதான் சாம்பல் நிறம் வெளியே வந்ததென்று நீதான் படித்துச் சொன்னாய். அந்தச் சாம்பலின் மேல்தான் அவருடைய தோள்களை நான் அளந்தேன்.

இடது தோள் இறங்கியிருக்கிறது, கண்ணம்மா. அந்தக் கை கண்ணுக்கே படவில்லை. காயமோ பிறவியோ, ஓவியர் அதைச் சரிசெய்யவில்லை. பொன் பிடி போட்ட வாளை எத்தனை கவனமாக வரைந்தாரோ, அதே கவனத்தோடு அந்தத் தோளையும் இறக்கியே வரைந்திருக்கிறார். அப்படி இருந்தும் அவருடைய மிடுக்கு குறைந்ததா?

உனக்கும் இடது தோள் இறக்கம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து உன் சீருடையில் இடப்பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்தேன். யாரும் கேலி செய்துவிடக் கூடாது என்ற பயம். ஒருநாள் மழையில் நனைந்து பஞ்சு கட்டிக்கொண்டு வந்து நின்றாய். “இதை எடுத்துவிடும்மா, குத்துகிறது” என்றாய். அன்று இரவே காய்ந்த பஞ்சாக மாற்றிவைத்தேனே தவிர, எடுக்கவில்லை. அந்தப் படத்தின் முன் நின்றபோது உன் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் செய்தது தப்பு, மலர்.

கிளம்பும்போது படத்தில் கிரேக்க எழுத்தில் இருந்த கையெழுத்தைக் காட்டினாயே, அதுவும் மனதில் நிற்கிறது. கிரீட் தீவில் பிறந்து, 1577-இல் தொலேதோவுக்கு வந்து, 1614-இல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தவர் தாய்மொழியிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பொங்கலுக்கு அனுப்ப உனக்கு மாம்பழ நிறத்தில் ரவிக்கைத் துணி வாங்கி வெட்டி வைத்திருக்கிறேன். தோள் மட்டும் இன்னும் மூட்டவில்லை. பஞ்சு வைக்காமல் உன் அளவுக்கே தைக்கட்டுமா? உன் பதிலைப் பார்த்துத்தான் மெஷினில் உட்காருவேன்.

அன்புடன்,
அம்மா