தாலி கட்டும் நேரத்தில் நின்ற ஜெனரேட்டர்

அன்புள்ள செல்வம்,

ஆறு மாதம் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரில் எழுத்துப்பிழை பிடிக்கிறார்.

போன ஞாயிறு மண்டபத்தில் மானம் போயிற்று. காலையில் கரண்ட் இல்லை. நம் 125 கேவிஏ ஜெனரேட்டர் அரை மணி நேரம் ஓடி, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் தண்ணீர்ச் சூடு அதிகம் என்று விளக்கைக் காட்டி நின்றது. இருட்டிலும் நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. பெண்ணின் மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மெக்கானிக் தெர்மோஸ்டாட், பெல்ட், கூலன்ட் எல்லாம் பார்த்தார். பழுதே இல்லை. அப்புறம் நானே வெப்பமானியோடு சுற்றினேன். வேப்பமரத்தடியில் 37 டிகிரி. இன்ஜின் சுழற்றச் சுழற்றக் கரண்ட் உண்டாக்குமே, அந்த ஆல்டர்னேட்டர் காற்று இழுக்கும் இடத்தில் 56! ரேடியேட்டர் தள்ளிய சூடு எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, ஜெனரேட்டர் அறை ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. போன வருஷம் பார்க்கிங்குக்காக அந்தச் சுவரை எழுப்பியது யார்? அடியேன்தான்.

நூறு ரூபாய் டீசலில் ஏறக்குறைய 35 ரூபாய்தான் கரண்ட் ஆகிறது. மிச்சமெல்லாம் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போக வேண்டும். போக வழியை அடைத்துவிட்டு மெஷினைக் குறை சொன்னேன் பார்!

இன்ஜினுக்காவது நிற்கத் தெரிகிறது. என் பயம் ஆல்டர்னேட்டர் மேல். 80 கிலோவாட் எடுத்தால் அதற்குள்ளேயே ஆறேழு கிலோவாட் சூடாகிறது, மூன்று கீசர் போட்ட மாதிரி. தாங்கும் அளவுக்கு மேல் பத்து டிகிரி ஏறினால் கம்பிச் சுருளின் இன்சுலேஷனுக்கு ஆயுள் பாதி என்று நீதானே சொல்வாய்? புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், மூன்று விநாடி கை தாங்கினால் பயமில்லை என்ற உன் கணக்குப்படி. ஒன்றுகூட எண்ண முடியவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அதற்கு எத்தனை வருஷம் போயிற்றோ.

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் உன் 210 மெகாவாட் ஜெனரேட்டர் ராஜாவுக்குச் சூடு தணிய ஹைட்ரஜன் விசிறுகிறீர்கள். காற்றைவிட ஏழு மடங்கு சூட்டைக் கடத்தும், எடையோ பதினான்கில் ஒன்று. எங்களுக்கு ஈரோட்டு வெயில்.

ரேடியேட்டர் வாயிலிருந்து தகரத்தில் காற்றுக் குழாய் (டக்ட்) போட்டுச் சுவருக்கு மேலே தூக்கிவிடலாம் என்றிருக்கிறேன். ஆனால் வளைவு கூடினால் விசிறி திணறுமே? சுவரை இடிப்பதே மேலா? 14ஆம் தேதி அடுத்த முகூர்த்தம். அதற்குள் ஒரு நாள் வந்து பார்த்துச் சொல். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் பெட்டியையும் எடுத்து வா.

உன்
ரவி