பார்க் சிட்டியைக் காப்பாற்றியது பனி மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டிக்குப் பனிச்சறுக்கு விடுமுறை சென்று வருவது குறித்துத் தங்கள் பயணப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தங்குமிடங்கள், சறுக்குத் தடங்கள், 2002 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் சில அங்கே நடந்த விவரம் ஆகியவை பயனுள்ளவை. ஆனால், வெள்ளிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஊர் பாழான பிறகே பனிச்சறுக்கு வந்து அதற்கு வாழ்வளித்தது என்று பொருள்படும்படி எழுதியிருப்பதை ஏற்பதற்கில்லை.

உலோக விலை சரிந்து 1950களில் அவ்வூர் வெறிச்சோடியது உண்மைதான். எனினும், 1963இல் 'ட்ரெஷர் மவுண்டன்ஸ்' என்ற பெயரில் சறுக்கு மையத்தைத் திறந்தது வெளியூர் விடுதி முதலாளி எவருமல்லர். 'யுனைடெட் பார்க் சிட்டி மைன்ஸ்' என்ற உள்ளூர்ச் சுரங்க நிறுவனமே மத்திய அரசின் கடனுதவியுடன் அதைத் தொடங்கியது. சுரங்கத் தொழிலோ 1982 வரை நீடித்தது. அதாவது, மலைக்கு மேலே விருந்தினர் சறுக்கிக்கொண்டிருக்க, அதே மலைக்குள்ளே தொழிலாளர்கள் கனிமம் வெட்டிக்கொண்டிருந்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இவ்விரு தொழில்களும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு ஒரு சான்று போதும்: 1960களின் நடுப்பகுதியில், சறுக்க வந்தவர்களைச் சுரங்க ரயிலில் ஏற்றி, ஸ்பைரோ சுரங்கப்பாதை வழியே சுமார் 3 மைல் மலைக்குள் கொண்டுசென்று, அங்கிருந்து தூக்குக் கூண்டில் 1,750 அடி உயர்த்தி, பனி படர்ந்த சரிவில் இறக்கிவிட்டார்கள். இருட்டும் ஈரமும் நிறைந்த அந்தப் பயணத்தை விருந்தினர்கள் அவ்வளவாக விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. (இத்தனை சுவையான செய்தியைக் கட்டுரையாளர் எப்படித் தவறவிட்டாரோ!)

தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெருங்குறை. 1902ஆம் ஆண்டு ஜூலையில் டேலி வெஸ்ட் சுரங்கத்தில் சேமித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, அதனால் பரவிய நச்சுப்புகையில் சிக்கி 34 பேர் மாண்டனர். நோயுற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1904இல் எழுந்த மருத்துவமனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. சுரங்கக் கழிவில் கலந்திருந்த ஈயமும் ஆர்செனிக்கும் ஊரின் மண்ணில் தங்கிவிட்டதால், வீட்டு முற்றங்களில்கூட நல்ல மண்ணைப் பரப்பி மூட வேண்டுமென்று நகர நிர்வாகம் விதி வகுக்க நேர்ந்தது. மறுபுறம், பழைய சுரங்கப்பாதைகளில் ஊறிவரும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, ஊரின் குடிநீருக்கும் பயன்படுகிறது.

அங்கே செல்லவிருக்கும் வாசகர்கள், சறுக்குத் தடங்களின் ஓரத்தில் நிற்கும் பழைய ஆலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் வெறும் படப் பின்னணியாகக் கருதிக் கடந்துவிட வேண்டாம். மெயின் ஸ்ட்ரீட்டில் பழைய நகர மன்றக் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்துக்கும், சுரங்கத் தொழிலாளர்கள் அடக்கமான கிளென்வுட் கல்லறைத் தோட்டத்துக்கும் அரை நாள் ஒதுக்கலாம். இவ்விரண்டு இடங்களையும் அடுத்த பயணப் பக்கத்தில் தாங்கள் குறிப்பிட்டால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்