ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1950-களின் டேனிஷ் பாணி மர நாற்காலிகள் பற்றிய ஞாயிறு கட்டுரையில், ஆட்டம் கண்ட காலுக்கு ஆணியோ இரும்புத் தகடோ அடிக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தீர்கள். அப்படிச் செய்தால் நாற்காலி கெட்டுப்போகும்.

இவற்றின் அழகே மெலிவுதான். அதற்காகக் கால்களை இணைக்கும் கீழ்ச் சட்டங்களைப் பல வடிவமைப்பாளர்கள் எடுத்தே விட்டார்கள். ஆகவே சாய்ந்து உட்காரும்போது பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் கழுந்துதான் (காலின் துளைக்குள் நுழையும்படி சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) பெரும்பாரத்தைத் தாங்குகிறது. மரம் குறுக்குவாட்டில் சுருங்கி விரியும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. காலின் துளைக்குள் கழுந்து குறுக்காக நிற்பதால், வறண்ட பருவத்தில் கழுந்து மட்டும் சுருங்கிப் பசை விட்டுவிடுகிறது. ஆணி இதைத் தடுக்காது. மெல்லிய கால் பிளப்பதுதான் மிச்சம்.

பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். பாகங்களுக்கு எண் போட்டு, நடுவே மரக்கட்டை கொடுத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டிக் கழற்றலாம். வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிய பழங்காலப் பசை) போட்டதென்றால் வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் இளகும். பழைய பசையை உளியால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ந்த பசைமேல் புதிய வெள்ளைப் பசை பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கழுந்து இளைத்துவிடும். ஏற்கெனவே இளைத்திருந்தால் அதே மரத்தின் சீவலைப் பக்கத்தில் ஒட்டி, இறுக்கமாக நுழையும் அளவுக்குச் சீவிக்கொள்ளலாம். பசை தடவிச் சேர்த்து, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டதும் இருக்கைச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். அளவு வித்தியாசப்பட்டால் கோணல். பசை ஈரமாக இருக்கும்போதே திருத்தினால்தான் உண்டு. 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. எப்பாக்சி என்ற செயற்கைப் பிசின் வேண்டவே வேண்டாம், அடுத்த முறை பிரிக்க வராது.

டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த 'விஷ்போன்' நாற்காலி விஷயத்தில் அவசரம் கூடாது. அதன் இருக்கைக்குச் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு, நான்கு சட்டங்களையும் சுற்றிப் பின்னியிருக்கும். கயிற்றை அறுக்காமல் சட்டத்தைக் கழற்ற முடியாது. பின்னல் நன்றாக இருந்தால், ஊசியால் மூட்டுக்குள் பசை செலுத்தித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் பிளைவுட் நாற்காலியில் கழுந்தே கிடையாது. முதுகுப் பலகையைப் பிடித்திருப்பது ரப்பர் வில்லை. வயதானால் அது இறுகி விட்டுப்போகும். வில்லையைத்தான் மாற்ற வேண்டும், பலகையைத் துளைத்துத் திருகாணி போடக் கூடாது.

திருத்தம் ஒன்று வெளியிட்டால், யாரும் சுத்தியலை எடுக்குமுன் கண்ணில் படும்.

இப்படிக்கு,
தச்சுவேலை தெரிந்த வாசகர்