ஸ்கூட்டர் கம்பெனிகளுக்கு ஒரு மடல்: தேய்மான அளவை எங்களுக்கும் சொல்லுங்கள்

ஸ்கூட்டர் தயாரிக்கும் எல்லா நிறுவனங்களுக்கும், குறிப்பாக சர்வீஸ் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் உதிரிபாகப் பிரிவில் முடிவெடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் என் பெயர் இருக்காது. உங்களில் ஒருவர் செய்த 125 சிசி ஸ்கூட்டரை, அதற்கு ஏழு வயதானபோது வேறொருவர் கையிலிருந்து வாங்கினேன். அன்றைக்கு மீட்டரில் 38,000 கிலோமீட்டர். மூன்று வருடமாக வேலைக்குப் போய் வருவது அதில்தான், மழையானாலும் இருட்டானாலும். நல்ல வண்டி. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீழே நான் எழுதப்போவது வண்டியைப் பற்றிய புகார் இல்லை.

வாங்கிய நாலாவது மாதம் ஒரு குறை தலைகாட்டியது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறும், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் அலறுமே தவிர வேகம் ஏறாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைத் துடைத்தார்கள். இரண்டு நாள் சரியானது போல இருந்தது, மூன்றாம் நாள் அதே உதறல். அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துத்தான் அவர் வேலை செய்கிறார், உங்கள் சர்வீஸ் புத்தகம் அவரிடமும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில் நானே இடது பக்க மூடியைக் கழற்றினேன். எட்டு எம்எம் போல்ட்டுகள், எல்லாம் ஒரே நீளம் இல்லை, அதனால் ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து எந்த இடத்தில் எது இருந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். மூடி வந்ததும் உள்ளிருந்து கரித்தூள் மாதிரி ஒரு கறுப்புப் பொடி கொட்டியது. எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் தேய்ந்த பொடி. பெல்ட்டை விரலால் மடக்கிப் பார்த்தேன், பற்களின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பெல்ட் ஓடும் முன் புல்லியான வேரியேட்டரைப் பிரித்தபோது உள்ளே ஆறு ரோலர்கள், உருண்டையாக இருக்க வேண்டியவை ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, மேஜையில் வைத்தால் உருளாமல் அப்படியே உட்கார்ந்தன. கிளட்ச்சை மூடியிருக்கும் கிண்ணமான கிளட்ச் மணியின் உட்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. உதறலுக்கும் அலறலுக்கும் காரணம் மொத்தமும் அந்த ஒரு மூடிக்குள் இருந்தது.

வெர்னியரை எடுத்து பெல்ட்டின் அகலத்தை அளந்தேன். 17.3 மில்லிமீட்டர்.

சரி, 17.3 என்றால் நல்லதா கெட்டதா? எனக்குத் தெரியவில்லை. வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். கண்ணாடியை எப்படித் திருப்புவது, சீட்டை எப்படித் திறப்பது, ஹெல்மெட்டை எங்கே மாட்டுவது எல்லாம் படத்தோடு இருந்தது. பெல்ட்டுக்கு ஒரே ஒரு வரிதான், டீலரை அணுகவும். இணையத்தில் தேடினால் மூன்று பேர் மூன்று எண்ணைச் சொன்னார்கள். கடைசியில் புதுப் பெல்ட்டை வாங்கி அதை அளந்தேன், 18.4 இருந்தது. ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருக்கிறது என்பது பெல்ட்டுக்குக் காசு கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழையது இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்குமா, அடுத்த வாரமே நடுரோட்டில் அறுந்திருக்குமா என்று இன்றுவரைக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பெல்ட் சின்ன விஷயமில்லை என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். கியர் இல்லாத வண்டியில் கியரின் வேலை முழுக்க அதன் தலையில்தான். வேகம் கூடும்போது ரோலர்கள் வெளிப்பக்கமாக நகர்ந்து முன் புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்குகின்றன, பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறுகிறது. அகலம் குறைந்த பெல்ட்டால் முழு உயரத்துக்கு ஏற முடியாது, அதனால் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஓட மாட்டேன் என்கிறது. அறுந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான், லாரிக்கு முன்னால் இருந்தாலும் சரி, மேம்பாலத்தின் நடுவில் இருந்தாலும் சரி. இந்த ஏற்பாட்டில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை, 1958-இல் அறிமுகமான நெதர்லாந்தின் டாஃப் 600 காரே ரப்பர் பெல்ட்டில்தான் ஓடியது. அப்படியிருக்க, எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்ற எண்ணை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

பிரேக்கில் நீங்கள் இப்படிச் செய்வதில்லையே. டிஸ்க் பேடில் தேய்மானக் கோடு இருக்கிறது. டிரம் பிரேக் கையில் அம்புக்குறி இருக்கிறது, அது குறியைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறீர்கள். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு, அது தெரிந்தால் டயர் முடிந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், வெளியே பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிப் போயிருக்கும். உயிர் போகிற பிரேக்கையும் டயரையும் எங்கள் கண்ணை நம்பி விட்டிருக்கிறீர்கள். பெல்ட்டுக்கும் அந்த நம்பிக்கையைக் கொடுங்கள். மூடியின் உட்பக்கத்திலேயே இரண்டு எண்ணை அச்சில் வார்த்துவிடலாம், புதிதின் அகலம், மாற்ற வேண்டிய அகலம். அவ்வளவுதான் நான் கேட்பது.

பெல்ட்டோடு முடிந்துவிடவில்லை. பின் சக்கரத்தை ஒட்டிய பல்சக்கரப் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு என்பதே முந்தைய சொந்தக்காரருக்குத் தெரியாது. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றியிருக்கிறார், பில்லெல்லாம் பத்திரமாக வைத்து என்னிடம் கொடுத்தார், அவ்வளவு ஒழுங்கான மனிதர். கியர் ஆயிலை நான் இறக்கியபோது சேற்றுத் தண்ணீர் நிறத்தில் வந்தது. மொத்தமே ஒரு டம்ளர் நிறையாத ஆயில், அதை மாற்றாமல் விட்டால் பேரிங் போகும், பல் போகும். ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில் அளவையும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதையும் பொறித்திருந்தால் அவர் கட்டாயம் மாற்றியிருப்பார்.

ஆயில் இறக்கும் போல்ட்டின் கதை இன்னும் மோசம். அலுமினியத்தில் வெட்டிய மரை அது, அளவுக்கு மீறி இறுக்கினால் மரை பிய்ந்து வந்துவிடும். எனக்கு முன்னால் யாரோ பலம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள், நான் கழற்றியபோது போல்ட்டோடு வெள்ளிச் சுருளாக மரையும் சேர்ந்து வந்தது. புது மரை வெட்டி இன்சர்ட் போட்டுச் சரிசெய்தாயிற்று. எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்ற ஒரு எண் அந்த போல்ட்டின் பக்கத்தில் இருந்திருந்தால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்திருக்கிறவராவது அதற்கு மேல் இறுக்கியிருக்க மாட்டார்.

அப்புறம் எஞ்சின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கு. போன வருடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும். சாவியைப் போட்டால் டாஷ்போர்டில் விளக்கு சிமிட்டியது, ஒரு நீளம், இரண்டு குட்டி, இடைவெளி, மறுபடி ஒரு நீளம், இரண்டு குட்டி. போனில் வீடியோ எடுத்து நிதானமாக எண்ணிப் பார்த்தேன். வண்டி தன் குறையைத் தானே சொல்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அது பேசும் மொழிக்கான அகராதி உங்கள் சர்வீஸ் புத்தகத்துக்குள் கிடக்கிறது. ஒரு இடத்தில் பெட்ரோல் பம்ப் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். தெரிந்த ஒருவர் சொல்லித்தான் நீளத்துக்குப் பத்து, குட்டிக்கு ஒன்று, ஆக பன்னிரண்டு, அது எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் மின்சுற்று என்று புரிந்தது. இன்ஜெக்டரின் சாக்கெட்டில் பூட்டும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, மேடு பள்ளத்தில் ஆட்டம் கொடுத்திருக்கிறது. சாக்கெட்டை மாற்றினேன், விளக்கு அணைந்தது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் அந்தப் பட்டியலைக் கையேட்டின் கடைசியில் சேர்க்க உங்களுக்கு என்ன தடை?

தெரியாதவர் கையில் தகவலைக் கொடுத்தால் ஆபத்து என்பீர்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வால்வ் இடைவெளியை நான் பார்ப்பதில்லை, எனக்கு அதில் கை பழகவில்லை, அதற்கு ஒர்க்‌ஷாப்தான். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது தெரியும், ஆனால் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்பதால் பழகியவர் பக்கத்தில் இருந்தால்தான் கை வைப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், எண்ணை மறைத்து வைத்ததால் யாரும் மூடியைத் திறக்காமல் இருந்துவிடவில்லை. வாரண்டி முடிந்த வண்டியை எல்லோரும் திறக்கத்தான் செய்கிறார்கள், எண் தெரியாமல் திறக்கிறார்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

கொடுக்கவே முடியாத தகவலும் இல்லை இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 ஒழுங்குமுறை 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு சக்கர வண்டிகளின் பழுதுபார்ப்புத் தகவலை டீலர் அல்லாத ஒர்க்‌ஷாப்களுக்கும் பாகுபாடு இல்லாமல் கொடுக்க வேண்டும் என்கிறது, நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளவும் இடம் தருகிறது. அங்கே விற்கிறவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் கொடுங்கள். கட்டணம் வேண்டுமென்றால் நான் கட்டத் தயார், என் மெக்கானிக்கும் கட்டுவார்.

உதிரிபாகத்திலும் ஒரு வேண்டுகோள். வேரியேட்டரின் பின்தட்டில் மூன்று குட்டி பிளாஸ்டிக் துண்டுகள் உண்டு, சரிவில் வழுக்கிப் போவதற்காக. என்னுடையதில் ஒன்று உடைந்திருந்தது, விரல் நகம் அளவு. தனியாகக் கிடைக்கவில்லை, மொத்த வேரியேட்டரையும் வாங்கச் சொன்னார்கள். நல்ல நிலையில் இருந்த ஒரு கனமான உலோக பாகம் அந்த நகத்துண்டுக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தேயும் பாகத்தைத் தனியாக விற்கப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஏதாவது பாகத்தில் கோளாறு என்று நீங்கள் வண்டிகளைத் திரும்ப அழைத்தால் கடிதம் முதலில் வாங்கியவர் வீட்டுக்குப் போகிறது. அவர் வண்டியை விற்று வருடக்கணக்காகியிருக்கும். சேஸிஸ் எண்ணைப் போட்டால் அந்த வண்டிக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கிற வசதியை உங்களில் சிலர் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம், மற்றவர்களும் செய்யுங்கள். பழைய வண்டியை வாங்குவதற்கு முன்னால் அங்கேயே நின்று போனில் பார்த்துவிடலாம்.

என் வண்டியின் சீட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், மேலே டேப் போட்டு, தண்ணீர் படாமல். கியர் ஆயில் மாற்றிய தேதி, பெல்ட் மாற்றியபோது எத்தனை கிலோமீட்டர், பிளக் இடைவெளி, டயரின் நான்கு இலக்கம், பன்னிரண்டு சிமிட்டினால் எதைப் பார்க்க வேண்டும் என்பது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், என்னிடமிருந்து வாங்கப்போகிறவருக்காக. அதில் பெல்ட்டை மாற்ற வேண்டிய அகலம் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எதிரே இடத்தை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன், நீங்கள் சொன்னால் நிரப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் இரண்டாவது சொந்தக்காரன்