பொதுத்தொகுப்பில் சேர்ப்பதும் நீக்குவதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருங்காட்சியகக் கிடங்குகளின் இடநெருக்கடியைப் பற்றிய தங்கள் தலையங்கத்தில், காட்சிக்கு வராத பொருள்களை விற்றுவிடலாம் என்ற யோசனையைக் கண்டேன். பல ஆண்டுகள் அருங்காட்சியகப் பதிவேடுகளோடு பழகியவள் என்ற முறையில், அந்த யோசனை எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

ஒரு மட்பாண்டம் தொகுப்பில் சேரும்போது, அதன் அடியில் கண்ணில் படாத இடத்தில் நிறமற்ற பூச்சைத் தடவி, அது காய்ந்ததும் பொடி எழுத்தில் எண்ணிட்டு, அதன்மேல் மீண்டும் பூசுவார்கள். சேர்ந்த ஆண்டு, அவ்வாண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள் என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே சொல்லிவிடும். கொடுத்தவர் யார், எங்கிருந்து வந்தது, வந்தபோது விரிசல் இருந்ததா என்பனவெல்லாம் அதே எண்ணின்கீழ்ப் பதிவேட்டில் ஏறும். எண் விழுந்த அன்றே அந்தப் பானை மக்கள் சொத்தாகிவிடுகிறது.

ஆகவே கண்டிப்பு வாசலிலேயே தொடங்க வேண்டும். பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்க ஏற்பட்ட 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு, அவ்வாண்டுக்கு முன்பே தாய்நாட்டை விட்டு வந்தது அல்லது பின்னர் முறைப்படி வெளியேறியது என்பதற்குச் சான்று இல்லாத தொல்பொருளைப் பல அருங்காட்சியகங்கள் ஏற்பதில்லை. நன்கொடையாளரின் மனம் நோகுமே என்று, நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளோடு வருவதையும் வாங்கி வைப்பதுதான் பிற்காலத் தொல்லைகளுக்கு வித்தாகிறது.

எதையுமே நீக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. பூச்சி அரித்து மீட்க முடியாமற்போனவையும், வேறொரு சமூகத்துக்கு நியாயமாகத் திரும்ப வேண்டியவையும் உண்டு. மற்றவற்றை முதலில் இன்னொரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முயல வேண்டும். விற்பனை கடைசி வழியாகவே இருக்க வேண்டும். விற்ற பணம் தொகுப்பின் நலனுக்கு மட்டுமே செலவாக வேண்டும் என்றும், ஊழியர்களோ நிர்வாகக் குழுவினரோ அவர்களுடைய குடும்பத்தாரோ அப்பொருள்களை வாங்கக் கூடாது என்றும் பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை வரையறுத்திருக்கிறது.

இந்த நெறி மீறப்பட்டால் நேர்வதற்கு இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரம் சான்று. மடியில் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருளும் காலருகே மனைவியுமாக அமர்ந்திருக்கும் செகெம்கா என்ற எகிப்திய எழுத்தரின் சிலையை, அருங்காட்சியகக் கட்டட விரிவாக்கத்துக்குப் பணம் வேண்டுமென்று, 2014 ஜூலையில் நகர மன்றம் ஏலத்தில் ஏறத்தாழ 1.58 கோடி பவுண்டுக்கு விற்றது. அடுத்த மாதமே அந்த அருங்காட்சியகம் அரசு சார்ந்த கலை மன்றத்தின் அங்கீகாரத்தையும், அதனால் கிடைக்கக்கூடிய நிதியுதவி வாய்ப்புகளையும் இழந்தது. வாங்கியவரின் பெயர் வெளியிடப்படவில்லை. சுமார் 4,400 ஆண்டுப் பழமையுள்ள அந்தச் சிலையை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

நீக்க எண்ணும் பொருள்களின் பட்டியலைக் காரணத்தோடும் படத்தோடும் பல மாதங்களுக்கு முன்பே வெளியிட்டு, மக்களின் மறுப்பைக் கேட்பதை ஒவ்வொரு பொது அருங்காட்சியகமும் கடமையாகக் கொள்ள வேண்டும். பொருள் போனபின்பும் பதிவேட்டில் அதன் வரியை அடித்துவிடாமல், எந்த நாளில், யாருடைய ஆணையால், எங்கே சென்றது என்று அதே எண்ணுக்கு எதிரே எழுதி வைக்க வேண்டும். தங்கள் தலையங்கம் இதை வலியுறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி