வேற்றுக்கிரகத் தூதர்களை எழுதப்போகிறவர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் அடுத்து விண்வெளித் தொடர் எடுக்கப்போகும் இயக்குநர்களுக்கும், கதை விவாதத்தில் உட்கார்ந்திருக்கும் வசனகர்த்தாக்களுக்கும்,

வணக்கம். நான் நீடாமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது இன்னும் கிழக்கே, கடைமடையில். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் கடைக் கம்ப்யூட்டரில் தொடர் பார்ப்பேன். விண்வெளித் தொடர் என்றால், சிட்டா அடங்கல் நகல் எடுக்க வந்தவரைக்கூட "ரெண்டு நிமிஷம்ண்ணே" என்று உட்கார வைத்துவிடுவேன். அந்தப் பைத்தியம் தந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நம்மிடம் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பஞ்சமில்லை. 1963-லேயே 'கலை அரசி'யில் பாடத் தெரிந்த பெண்ணை அவர்கள் தூக்கிக்கொண்டு போக, எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போய் மீட்டு வந்துவிட்டார். ஆனால் இன்றுவரை நம் கதைகளில் மேலேயிருந்து வருகிறவர் ஒன்று பூமியை அழிக்க வருகிறார், இல்லையென்றால் கதாநாயகனுக்குச் சிநேகிதனாகிறார். கக்கத்தில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு, "எங்கள் தரப்பில் இரண்டு ஆட்சேபணை இருக்கிறது" என்று சொல்ல வருகிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

எந்த மாதிரி என்று கேட்பீர்கள். 'பாபிலோன் 5' என்று ஒரு அமெரிக்கத் தொடர். அதன் இரண்டாவது சீசனில், 1995-ல் வந்த ஒரு எபிசோடின் பெயரைத் தமிழில் சொன்னால் 'நிழல்களின் வருகை'. மறுவருஷம், அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருது வாங்கியது. கதை நடப்பது 2259-ல். 5 மைல் நீளத்துக்கு விண்வெளியில் ஒரு நிலையம். உள்ளே மனிதர்களும் மற்றவர்களுமாக இரண்டரை லட்சம் பேர், ஏறக்குறைய தஞ்சாவூர் நகரத்து ஜனம் அத்தனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு போர் வரக்கூடாது, எல்லாக் கிரகத்துத் தூதர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசட்டும் என்று கட்டியது. முதல் 3 நிலையங்களும் நாசவேலையில் போயின, 4-வது காணாமலே போனது, இது 5-வது. (நம் ஊர்ப் பஞ்சாயத்தும் ஐந்தாவது தடவைதான் ஒழுங்காக உட்காரும்.)

அங்கே செண்டாரி, நார்ன் என்று இரண்டு இனங்கள். செண்டாரிகள் ஒரு காலத்தில் பெரிய சாம்ராஜ்யம், இப்போது பழைய பெருமையில் காலம் தள்ளுகிறவர்கள். நார்ன்கள் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்து, சண்டை போட்டு வெளியே வந்தவர்கள். வயதான செண்டாரிப் பேரரசர், உடம்பு முடியாத நிலையிலும், யார் தடுத்தும் கேட்காமல் அந்த நிலையத்துக்கு வருகிறார். என்ன காரியமாக என்று யாருக்கும் தெரியாது. நார்ன் தூதர் ஜிகார் ஒரு கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்கிறார். தன் உயிர் போனாலும் சரி, இந்த அரசனை இங்கேயே முடிப்பது என்று. விழாவுக்குக் கிளம்பும் நேரத்தில் பேரரசர் மயங்கி விழுகிறார், கத்திக்கு வேலையில்லாமல் போகிறது.

செண்டாரித் தூதர் லண்டோ மொலாரி இந்தச் சமயத்தைத்தான் பயன்படுத்துகிறார். பதவி ஆசை பிடித்த ரீஃபா பிரபுவும் அவரும் கூட்டு. அரசர் சாகக் கிடக்கும்போது நாட்டுக்கு ஒரு வெற்றியைக் காட்டினால் அடுத்த ஆட்சி தங்கள் கையில் என்று கணக்கு. நார்ன்களின் ஒரு குடியேற்றத்தை, யாரென்றே தெரியாத ஒரு கறுப்புச் சக்தியை வைத்து அழிக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார். தகவல் கொண்டுபோக வேண்டிய உதவியாளர் வேண்டாமென்று கெஞ்சுகிறார். உத்தரவு போய்விடுகிறது.

இதுவரை எல்லாத் தொடரிலும் இருக்கிற சதிதான். இதற்குப் பிறகு வருவதற்காகத்தான் இந்த மடல்.

படுக்கையில் கிடக்கும் பேரரசர் மருத்துவரைக் கூப்பிட்டு, நார்ன் தூதரிடம் ஒரு செய்தி சொல்லச் சொல்கிறார். அவர் அத்தனை தூரம் வந்ததே அதற்குத்தான். எங்கள் முன்னோர் உங்களுக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்பதுதான் செய்தி. ஜிகார் அதைக் கேட்டு ஆடிப்போகிறார். பிறந்ததிலிருந்து வெறுக்க மட்டுமே கற்ற மனுஷன். நேராக மதுக்கூடத்துக்குப் போய், லண்டோவைத் தேடிப் பிடித்து, ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்து, உங்கள் பேரரசரின் நலத்துக்கு என்று உயர்த்துகிறார். முகமெல்லாம் சிரிப்பு. லண்டோவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்த நிமிஷம் லண்டோ முகத்தை நிறுத்திப் பாருங்கள். உத்தரவு போய் எவ்வளவு நேரமாகிறது என்று அவருக்குத் தெரியும்.

நான் நிறுத்திப் பார்த்தேன். ஏனென்றால் அந்த முகத்தை எனக்கு ஏற்கனவே தெரியும்.

நான் ஆறாவது படிக்கும்போது, ஒரு தை மாதம். சம்பா பால் பிடிக்கிற நேரம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்கள், அதற்குள் ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் பாதி பதராகிவிடும். வாய்க்காலில் முறை வைத்திருந்தார்கள், 6 நாள் மேலூருக்கு, 6 நாள் எங்களுக்கு. எங்கள் முறை வந்த இரண்டாவது நாள் காலையில் வாய்க்கால் வெறும் சேறாகக் கிடந்தது. மேலே போய்ப் பார்த்தால் மதகில் பலகையை இறக்கி, சந்தில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்று காலையிலேயே போலீஸுக்கு மனு எழுதி, முதல் பஸ்ஸில் ஆளை அனுப்பிவிட்டார்கள். மேலூரில் வயதில் மூத்த பெரியவர் ஒருவரின் பெயரை முதல் பெயராகப் போட்டு. மனுவை எழுதியது என் அப்பா. அவர் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பத்து மணிக்கு அந்தப் பெரியவரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வரை சேறு. "தம்பி, நம்ம பயலுவோ ராத்திரி பலகைய எறக்கிட்டானுவோ. எனக்கு இப்பதான் தெரியும். நானே போயி தூக்கிவுட்டுட்டுதான் வாரேன். தப்புதான், மனசுல வச்சிக்காத" என்றார். அப்பா "வாங்கண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் காபி கொண்டுவந்தேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கையிலிருந்த லோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் அந்நேரம் டவுனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சாயங்காலம் பெரியவரை ஸ்டேஷனில் உட்கார வைத்து, ராத்திரி அனுப்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது. தண்ணீரும் வந்தது, அறுப்பும் ஆனது. அக்கா கல்யாணத்துக்கு அப்பாவே நேரில் போய்ப் பத்திரிகை வைத்தும் அவர் வரவில்லை.

ஐயா, அம்மா, ராஜதந்திரக் கதை என்றால் உங்களிடம் நான் கேட்பது அந்தக் காபி நேரத்தைத்தான். யார் யாரை முந்தினார் என்பதை எல்லாரும் எழுதிவிடுவார்கள்.

கதைக்குப் பொருள் வேண்டுமென்றால் வேறு கிரகத்துக்குப் போக வேண்டாம், கல்லணை வரை வந்தால் போதும். காவிரித் தண்ணீருக்காக 1924-ல் மைசூருக்கும் சென்னைக்கும் ஒரு ஒப்பந்தம். அதை ஒட்டித்தான் அங்கே கிருஷ்ணராஜசாகரும் இங்கே மேட்டூரும் எழுந்து நின்றன. அதில் சில அம்சங்களை 50 வருஷம் கழித்து மறுபடி பார்ப்பது என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு அது ஒரு வரி. அந்த வரி 50 வருஷம் தூங்கி, 1974-ல் கண் விழித்தது. ஒப்பந்தமே காலாவதி என்று கர்நாடகத்தார், இல்லை என்று நாம். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் வந்து சாதாரண வருஷத்தில் எல்லையில், பிலிகுண்டுலுவில், நமக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்றது. மழை குறைந்த வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கு போடுவது என்ற சண்டை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கிரகத்துக்கு நடுவில் ஓடும் ஏதோ ஒன்றை வைத்து இதை எழுதினால், ஒரு சீசன் முழுக்க ஒரு துப்பாக்கியும் வெடிக்க வேண்டாம்.

ஒரு நிபந்தனை. மேல்மடைக் கிரகத்தை ராட்சசர்களாக எழுதாதீர்கள். 2003 வாக்கில் இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் உதவியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் வந்து நம் வயலைப் பார்த்தார்கள், நம்மவர்கள் போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். முடிவு ஒன்றும் எட்டவில்லை. ஆனால் அங்கேயும் கடன் வாங்கித்தான் நடுகிறார்கள் என்று போனவர்களுக்குத் தெரிந்தது. கர்நாடகத்து மாண்டியா விவசாயி பக்கம் நின்றும் ஒரு எபிசோட் எழுத முடிந்தால்தான் நீங்கள் எழுத்தாளர்.

வேற்றுலகத்தார் வந்து இறங்குவதும் எங்களுக்குப் புதிதில்லை. 1620-ல் தரங்கம்பாடிக் கரைக்கு டேனிஷ்காரர்கள் வந்தபோது அவர்கள் பேச்சு இங்கே யாருக்கும் புரியாது. அவர்களில் ரோலண்ட் கிராப்பே என்றொருவர், காரைக்கால் பக்கம் போர்த்துக்கீசியரிடம் கப்பலைப் பறிகொடுத்து, தப்பித்து, தஞ்சாவூர் அரண்மனைக்கே போய்ச் சேர்ந்தார். கப்பல் போனவன் தூதனானான். அந்த வருஷமே ரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் செய்துகொண்டார், டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் கடிதமும் போனது. கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, போய்ப் பாருங்கள். இதை அப்படியே விண்கலமாக மாற்றி எழுதினால் யாரும் காப்பி என்று சொல்ல மாட்டார்கள்.

சதி போதவில்லையா? அதே அரண்மனையில் 1670-களில் இன்னொன்று. நாகப்பட்டினத்தில் ஒளிந்து வளர்ந்த நாயக்கர் வம்சத்துப் பையனை அரியணை ஏற்றிக் கொடுக்க பீஜப்பூரிலிருந்து வந்தவர் ஏகோஜி. ஏற்றியும் கொடுத்தார். கொஞ்ச நாளில் இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். உதவிக்குக் கூப்பிட்ட படை திரும்பிப் போகவே இல்லை. லண்டோவுக்கும் பின்னால் அதேதான் நடக்கிறது. அதை இங்கே சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காசு. மேலே சொன்ன எபிசோடில் மனதில் நிற்பதெல்லாம் ஒரு படுக்கை, ஒரு மதுக்கூட மேஜை, ஒரு கூட்ட அறை. பேரரசர் சாகும் முன் லண்டோவின் காதில் ஏதோ சொல்கிறார். வெளியே எல்லார் முன்னாலும் "நம் ஜனத்தை மீண்டும் உயரத்துக்குக் கொண்டுபோ என்றார்" என்று லண்டோ சொல்லிவிடுகிறார். ரீஃபாவிடம் தனியாக இருக்கும்போதுதான் உண்மை வருகிறது: நீங்கள் இரண்டு பேரும் நாசமாய்ப் போவீர்கள் என்பதுதான் கடைசி வார்த்தை. தலைவர் சாகும்போது என்னிடம்தான் சொன்னார் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! இதற்கு கிராஃபிக்ஸ் ஒரு ரூபாய்க்கும் தேவைப்படவில்லை. நல்ல நடிகர்கள் இரண்டு பேர் வேண்டும், அவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

உங்கள் தூதர் வந்து இறங்கியதும் செந்தமிழில் முழங்காமல் இருந்தால் நல்லது. மொழிபெயர்க்க ஒரு ஆளைப் பக்கத்தில் வையுங்கள். பாதிச் சண்டை அவர் வாயில்தான் பிறக்கும். கூட்டக் குறிப்பு எழுதும் ஒரு குமாஸ்தாவும் இருக்கட்டும். யார் எத்தனை மணிக்கு எதை ஒப்புக்கொண்டார்கள் என்று அவருக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும்.

எங்கள் தெருவில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில் பல வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். அந்தப் பதவியில் ஒருவன் எத்தனை ஊருக்கு எதிரியாக இருக்க முடியும் என்று அவரைக் கேட்டால் சொல்வார். போன வாரம் கடைக்கு வந்தவருக்கு இந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மதுக்கூடக் காட்சியில் "அடப் பாவமே" என்றார். முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எல்லாஞ் சரி பாப்பா, அம்பது ஊரு ஜனம் கெடக்குற அந்த எடத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது? தொறந்து வுடுறவன் யாரு? அவனக் காட்டவே இல்லையே?" என்றார்.

உங்கள் கதை விவாதத்துக்கு அவரைக் கூப்பிடுவதாக இருந்தால் அழைத்து வருகிறேன். போக வர பஸ் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஒரு ரசிகை