வசந்திக்கு, நெடுந்தீவு பார்த்துவிட்டு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் கொஞ்சம் பரவாயில்லை, லிஃப்ட் மறுபடி பழுது, தேங்காய் விலையைக் கேட்டால் நீ மெல்பேணிலேயே இருந்துவிடுவாய். சாந்தியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, அதை அவளே உனக்கு நீட்டி முழக்கிச் சொல்லுவாள், நான் முந்தவில்லை. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. உன்னுடைய குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆமாம், நெடுந்தீவு. விடுதியில் இரவிரவாக நீ அளந்த அம்மம்மா ஊர்க் கதைகளில் பாதிக்கு மேல் உண்மைதான் என்று இப்போது எழுத்தில் தருகிறேன், வேண்டுமானால் பவானி ரீச்சரிடம் காட்டு. முருகைக்கல்லை அடுக்கிக் கட்டின வேலி உண்மை. பெருக்குமரத்தின் பொந்துக்குள் ஆள் போய் நிற்கலாம் என்பதும் உண்மை, நின்று பார்த்தேன். வளரும் கல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ சண்டைக்கு வருவாய். ஆனால் குதிரை வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்கும் என்று சொன்னாயே, அதை மட்டும் நாங்கள் ஒருவரும் நம்பவில்லை, உனக்குக் குதிரைக்காரி என்று பேர் விழுந்ததே அதால்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் பொறு.

இவருக்கு லீவு கிடைத்தது, குமரன் குடும்பமும் சேர்ந்துகொண்டது. காலி வீதியில் இரவு பஸ் ஏறி, விடிய யாழ்ப்பாணம், அங்கே இடியப்பமும் சொதியும், அப்படியே பண்ணை தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தோம். இறங்குதுறையில் பாதிச் சனம் நயினாதீவுக்கு. நெடுந்தீவுப் படகுக்கு நின்றவர்கள் பெரும்பாலும் ஊரவர்கள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றோடும். ஒரு மணி நேரத்துக் கடல்தான், ஆனால் சோளகக் காற்று அடிக்கிற காலம், படகு ஏறி ஏறி விழுந்தது. குமரனின் சின்னவன் சத்தி எடுத்தான். பக்கத்திலிருந்த ஆச்சி ஒருவர் மடியிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, மணந்து பார் அப்பன் என்று அவன் கையில் வைத்துவிட்டார். மருந்துக்கடைக் குளிசை செய்யாததை அது செய்தது.

மாவிலித்துறையில் இறங்கினதும், குமுதினிப் படகில் வைத்துக் கொல்லப்பட்ட சனத்தின் நினைவிடம். 1985 மே 15. உன் வீட்டில் அந்தத் திகதிக்கு விளக்கு வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் அங்கே நின்றபோது உன் அம்மம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அதே படகைத் திருத்தி அதே கடலில் மறுபடி ஓட விட்டார்கள், சனமும் அதிலேயே ஏறிப் போய் வந்தது, வேறு வழி என்ன இருந்தது. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

சரி. அங்கே ஒரு பிக்கப் பிடித்தோம். பின்பக்கம் இரண்டு பலகை வாங்கு, பிடிக்க மேலே ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் வரைக்கும் பாதை பாதகமில்லை. ஒல்லாந்தர் கோட்டை இடிந்து கிடக்கிறது, ஆனால் சுவருக்குக் கிட்டப் போய்ப் பார், ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் சின்னச் சின்னப் பூ அச்சு அப்படியே இருக்கிறது. விரலை வைத்துத் தடவினால் சொரசொரவென்று, நேற்றுத்தான் கடலிலிருந்து எடுத்த மாதிரி. மற்றவர்கள் செல்ஃபி எடுத்து முடியும்வரை நான் அந்தச் சுவரோடேயே நின்றேன்.

தெற்குப் பக்கம் திரும்பினதும் பாதை என்ற ஒன்றே முடிந்துபோயிற்று. வெட்டையும் கல்லும்தான். வாகனம் ஒரு பக்கம் சரிந்து எழும்ப முதல் மறுபக்கம் துள்ளுகிறது, வாங்கில் இருக்கவும் முடியாது, எழும்பி நிற்கவும் முடியாது, கம்பியைப் பிடித்த கை விறைத்து, முதுகெலும்பில் எத்தனை கணு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மெதுவாகப் போகச் சொல்ல மாலா வாய் திறந்தாள், அடுத்த பள்ளத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இவருக்கோ பெரும் சந்தோஷம், பதினெட்டு வயதுப் பெடியன் மாதிரி நின்றபடியே வந்தார். வெள்ளைப் புழுதி, தலை, கண்ணிமை, சட்டை எல்லாம் வெள்ளை. ஆட்காட்டிகள் கத்திக்கொண்டு எழும்பின. அங்கங்கே மாடு, ஆடு. தூரத்தில் குவிண்டாக் கோபுரம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், நிழலுக்கு ஒரு மரமில்லை.

அப்புறம் குதிரைகள்.

முதலில் கண்டது ஒரு சின்னக் கூட்டம். நான் நினைத்திருந்ததைவிடக் கட்டை. மண்ணிறம், கருஞ்சிவப்பு, ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பிடரிமயிரில் முள்ளும் சருகும் சிக்குப்பட்டுக் கிடந்தது. ஆண்குதிரை ஒன்று மெதுவாக நடந்து வந்து கூட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது, காது இரண்டையும் எங்கள் பக்கம் நீட்டி, வாலை ஒருக்கா அடித்து. எங்கள் சாரதிப் பெடியன் என்ஜினை நிறுத்திவிட்டு, சத்தம் போடாதேயுங்கோ என்றான். பின்னால் ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து பால் தேடியது. வசந்தி, நான் மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிற ஆளில்லை, உனக்குத் தெரியும். அங்கே நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கயிறில்லை, சேணமில்லை, ஒருவருடைய சொத்துமில்லை, தன்பாட்டில் வாழ்கிற குதிரை.

இரண்டு நிமிடம் இருக்காது, இன்னொரு பிக்கப் வந்தது, பின்னால் நிறையச் சுற்றுலாக்காரர். அவர்கள் நிற்கவே இல்லை. தடத்தை விட்டு இறங்கி, நேரே கூட்டத்துக்குள் விட்டார்கள். குதிரை ஓடினால்தானே வீடியோ வடிவு. விசில், கூச்சல், ஹோர்ன். கூட்டம் சிதறி ஓடியது, அந்தக் குட்டி திசை மாறி வேறு பக்கம் போய்விட்டது, தாய் ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கனைத்தது. குமரன் கையைக் காட்டிக் கத்தினான், அவர்கள் எங்களுக்கும் கை காட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. குட்டி கடைசியில் தாயிடம் வந்து சேர்ந்தது, அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் அசைந்தோம்.

ஆனால் நான் உனக்கு எழுத உட்கார்ந்தது அதற்கும் இல்லை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு குளம். மழைக்காலத்தில் நிறையத் தண்ணீர் நிற்குமாம். இப்போது சேறு பாளம் பாளமாக வெடித்து, ஓரமெல்லாம் உப்புப் பூத்து, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கலங்கல். அதற்குள் ஒரு பெட்டைக் குதிரை நின்றது. விலா எலும்பு எல்லாம் வெளியே தெரிந்தது. முன்காலால் சேற்றை ஒரு இடத்தில் விறாண்டியது, விறாண்டிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுப் பேசாமல் நின்றது. ஏன் நிற்கிறது என்று முதலில் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறியது, ஒரு கோப்பை அளவு இருக்கும், அதை உறிஞ்சியது. மறுபடி விறாண்டியது. மறுபடி காத்து நின்றது. நாங்கள் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெடியன் சொன்னான், வறட்சி முற்றினால் இப்படிச் சேற்றில் இறங்கினதுகள் பலமில்லாமல் புதைந்து எழும்ப முடியாமல் செத்துப்போகுமாம். ஊரவர்கள் போய்க் கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள், பவுசரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார்கள். அவனுடைய அம்மா இப்போதும் வளவு வாசலில் ஒரு சீமெந்துத் தொட்டி வைத்திருக்கிறாவாம், அரிசி கழுவின தண்ணீரையும் அதற்குள்தான் ஊற்றுவாவாம், இரவில் குதிரை வந்து குடித்துவிட்டுப் போகிற சத்தம் படுக்கையிலிருந்தே கேட்குமாம். மாலா என்னைப் பார்த்தாள், நான் மாலாவைப் பார்த்தேன். உனக்கு இந்த ஜென்மத்தில் இனிக் குதிரைக்காரி என்ற பேரைக் கௌரவப் பட்டமாகத்தான் சொல்லுவோம்.

வந்ததிலிருந்து இதே யோசனை. இவரிடம் சொன்னால், அது காட்டு மிருகம், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்கிறார். எந்த இயற்கை? அந்தக் குதிரை அங்கே தானாக முளைக்கவில்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், பிறகு இங்கிலீசுக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் துரையை வைத்துப் பண்ணை நடத்தினார்கள், பயனில்லை என்றதும் லாயத்தை விட்டுவிட்டுப் போனார்கள். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. நாலு பக்கமும் கடல் உள்ள தீவில், ஆறில்லை அருவியில்லை, வேறு இடம் தேடிப் போகவும் வழியில்லை. இப்படி விட்டுவிட்டு இயற்கையைக் கை காட்டினால் என்ன அர்த்தம்? 2015இல் 1,846 ஹெக்டேயரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், மிக நல்ல காரியம், நிலத்தை வேறு எதற்கும் லேசில் எடுக்கமுடியாது. தண்ணீர் அதற்குப் பிறகும் மழைக்குத்தான் காத்திருக்கிறது.

குமரன் எஞ்சினியர் அல்லவா, அவன் சொல்வது இன்னொரு சிக்கல். நெடுந்தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி அடியிலிருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அந்தப் படைதான் ஊர்க் கிணறுகளின் நல்ல தண்ணீர். மோட்டர் போட்டு இழுத்தாலோ குளத்தை அளவுக்கு மேல் ஆழமாகத் தோண்டினாலோ உப்பு மேலே வந்துவிடும், வந்தால் கிணறும் போய்விடும், குதிரையும் குடிக்காது மனிதரும் குடிக்கமுடியாது. அதனால் குதிரைக்கென்று கிணற்றில் கை வைக்கக்கூடாது, ஊரவர்களின் வாயில் மண்ணைப் போட்டுச் செய்கிற தருமம் தருமமில்லை. வாடைக் காற்றோடு வருகிற மழையைத்தான் பிடிக்கவேண்டும். கிடைக்கிற கூரையிலிருந்து பீலி போட்டுத் தொட்டிக்கு இறக்கலாம், தூர்ந்துபோன பழைய கேணிகளை ஆழப்படுத்தாமல் தூர் மட்டும் எடுக்கலாம். இதெல்லாம் எங்கள் ஆட்களுக்குப் புதுசா? யாழ்ப்பாணத்தில் பழைய தெருக்களில் பார், சுமைதாங்கி இருக்கும், பக்கத்தில் ஆவுரஞ்சிக்கல், அதோடு மாடு குடிக்க ஒரு கேணி அல்லது தொட்டி. மாட்டுக்கு முதுகு கடிக்கும் என்று யோசித்துக் கல் நட்ட சனம் நாங்கள். குதிரைக்கும் ஒரு தொட்டி வைப்பது அதே வரிசையில் வருகிற வேலை.

உன்னிடம் காசு கேட்கவில்லை, பயப்படாதே. பேராதனையில் அத்தனை வருஷம் நித்திரை முழித்து மிருக வைத்தியம் படித்தாய், அங்கேயும் போய்க் குதிரைக்காரருக்குத்தான் வைத்தியம் பார்க்கிறாய், அந்த அறிவு வேண்டும். எங்களுக்குத் தெரியாததைக் கேட்கிறேன். பெரிய குதிரை நாளுக்கு 25 முதல் 50 லீட்டர் குடிக்கும் என்று வாசித்தேன், இந்தக் கட்டைக் குதிரைக்கு வெயில் காலத்தில் எவ்வளவு வேண்டும்? கொஞ்சம் உவர் கலந்த தண்ணீர் எந்த அளவு வரை தாங்கும்? காய்ந்த புல்லைத் தின்று தண்ணீரும் இல்லாவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று நீ முன்பு சொன்ன ஞாபகம், அதன் அறிகுறி தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியுமா? எல்லாக் கூட்டமும் ஒரே தொட்டிக்கு வந்தால் ஆண்குதிரைகள் சண்டை பிடிக்காதா, ஒன்றின் நோய் மற்றதுக்கு வராதா, அப்படியானால் தொட்டிகளை எவ்வளவு தள்ளித்தள்ளி வைக்கவேண்டும்? இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கேள்வி. நாங்கள் தண்ணீர் வைக்க வைக்க அதுகள் ஊருக்குக் கிட்ட வந்து, தோட்டத்தில் வாய் வைத்து, சனத்துக்கு வெறுப்பாகிவிட்டால்? அதைவிட வைக்காமல் விடுவது நல்லது என்று நீ சொன்னால் நான் கேட்பேன். ஆனால் காரணத்தோடு சொல்லு.

வாகனக்காரர்களோடு பேசும் வேலையை எங்கள் பெடியனே எடுத்துக்கொண்டான். தடத்தை விட்டு இறங்கக்கூடாது, கூட்டத்தைக் கண்டால் என்ஜினை நிறுத்தவேண்டும், குட்டியோடு நிற்கிறதற்குக் கிட்டப் போகக்கூடாது. அவர்களுக்குள் பேசி முடிவெடுத்தால்தான் நிற்கும், கொழும்பிலிருந்து நான் போய்ச் சொன்னால் எடுபடாது. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத ஒரு கடிதம் குமரன் எழுதிக்கொண்டிருக்கிறான், உன் பதில் வந்தால் அதையும் அதில் சேர்ப்போம்.

குரல் பதிவு அனுப்பாதே. நீ பேசத் தொடங்கினால் பாதி சிரிப்பு, மீதி உன் நாயின் குரைப்பு. எழுத்தில் வேண்டும், தமிழில், ஒரு பக்கத்துக்குள், மருந்துப் பெயர் ஒன்றும் போடாமல். இறங்குதுறையில் ஒட்டினால் படகுக்கு நிற்கிறவன் வாசித்து விளங்கிக்கொள்ளவேண்டும். மழை தொடங்க முன் பீலி வேலை முடியவேண்டும், அதனால் புரட்டாசிக்குள் அனுப்பு.

அன்புடன்,
ரஞ்சி